நீலப்பூத் தட்டுகளை விற்ற சனிக்கிழமை

எங்கள் வீட்டு யாட் சேல், அதாவது பழஞ்சாமான்களை வாசல் புல்லில் பரப்பி விற்கிற விற்பனை, மிக நன்றாக நடந்தது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய்யில்லை. பின்னேரம் ஆகும்போது புல்லில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. இப்போது ஆட்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கினால் நல்லது, விலையை எழுதி ஒட்டுவதா வாயால் சொல்வதா என்று. நானும் பெரிய வியாபாரி மாதிரித் தாடையைத் தடவிக்கொண்டு பதில் சொல்கிறேன். அன்று காலை ஒரு கட்டத்தில் கராஜுக்குள் போய்ப் பனிக்காலச் சப்பாத்துகளுக்கு நடுவில் நின்று கடவுளைக் கூப்பிட்டதை மட்டும் சொல்வதில்லை.

பயத்தின் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு ஒரு அக்கா இருக்கிறார். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு. ஆறு வருடத்துக்கு முன் அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். மண்டபத்துக்குப் பக்கத்து வெளியில் பிள்ளையை ஹெலிகொப்ரரில் கொண்டுவந்து இறக்கினார்கள். காற்றில் சேலைகள் பறந்தன, கொண்டைகள் கலைந்தன, ஒரு மாமாவின் பொய்முடி தன்பாட்டில் வேலிப் பக்கம் போனது. நான் சும்மா நின்றிருக்கலாம். பக்கத்தில் நின்றவரிடம், “சரி, பிள்ளைக்குத் தண்ணி வாத்தாச்சு. ஹெலிகொப்ரருக்கு எப்ப வாக்கிறது?” என்று கேட்டேன். என் முழங்கைக்கு அருகே ஒரு மைக் இருந்தது. அது திறந்திருந்தது. நானூறு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

என்னோடு பேசாமல் விட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஊரில் பாதிப்பேர் என்னோடு அப்படித்தான். ஆனால் அவர் தங்கச்சியோடும் பேச்சை நிறுத்தினார். “உன்ரை மனுசன்ரை வாயை அடக்கத் தெரியாத உன்னோடை எனக்கென்ன கதை?” என்பது கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு ஆறு வருடம். ஒரே கலியாணத்துக்குப் போவார்கள். மண்டபத்தின் இரண்டு கரைகளில் இருப்பார்கள். என் மனைவி இதற்காக என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன்.

இந்த வசந்தத்தில் மரக்கறிக் கடையில் இரண்டு பேரும் ஒரே முருங்கைக்காய்க் கட்டுக்குக் கை நீட்டியிருக்கிறார்கள். “உது முத்தல். இதை எடு” என்றாராம் அக்கா. அவ்வளவுதான். அடுத்த நாள் காலை ஆறரைக்கு வீட்டில் போன் அடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அடிக்கிறது. மனைவி போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் வெட்டுவாள். மீன் விலை, முழங்கால் நோ, ஆருடைய மகன் ஆரைக் கொண்டுவந்து காட்டினான் என்று ஒன்றுமில்லாத கதைதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் படி ஏறும்போது பாட்டு முணுமுணுப்பாள். அந்தப் பாட்டை நான் ஆறு வருடம் கேட்கவில்லை. என்னோடு அக்காவுக்கு இன்னும் கதையில்லை. நான் குசினிக்குள் வந்தால், “அங்கை ஆரோ செருமுற மாதிரிக் கேக்குது” என்பார் போனில்.

இதுதான் நான் அந்தச் சனிக்கிழமை உடைக்கப் பார்த்த சாமான்: மூன்று மாத வயதுள்ள ஒரு பேச்சு.

யாட் சேல் யோசனை மனைவியுடையது. வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றை வாடகைக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். கொடுப்பதென்றால் அதற்குள் ஒரு மனிதன் நிற்க இடம் வேண்டும். எங்கள் பேஸ்மென்றில் மனிதர் நிற்க இடமில்லை. பரிசுப் பொருட்கள் நின்றன. இந்த நகரத்தில் தமிழர்களாக இருபது வருடம் வாழ்ந்தால் வீடு குடிபூரல், பிறந்தநாள், வளைகாப்பு என்று எத்தனை நிகழ்ச்சி நடத்துகிறோமோ அத்தனை பெட்டி கீழே இறங்கும். நாங்கள் பாவித்தால் கீறல் விழும் என்று பாவிப்பதில்லை. எறிந்தால் தந்தவர் கேட்டால் என்ன சொல்வது என்று எறிவதுமில்லை.

இதில் என் மனைவி ஒரு முறை வைத்திருந்தாள். அவள் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இது உண்டு. எந்தப் பரிசு வந்தாலும் அதன் அடியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரில் ஒரு துண்டு ஒட்டி, யார் தந்தது, எதற்குத் தந்தது என்று எழுதிவிடுவாள். ‘மிசிசாகா மாமா, பிறந்தநாள்’. ‘மூன்றாம் வீட்டு அண்ணை, வளைகாப்பு’. அவர்கள் வீட்டில் ஒன்று நடந்தால் அதே பெறுமதிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவர் தந்ததையே தூக்கி அவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை அவள் எனக்கு இரண்டு கட்டளை தந்தாள்.

“ஒண்டு, வெளியிலை வைக்கிற சாமான் எல்லாத்தின்ரை அடியையும் பாத்து பிளாஸ்ரரை உரிச்சுப் போடுங்கோ. எங்கடை தெருவிலை முக்கால்வாசி எங்கடை ஆக்கள். விளங்குதோ?”

“ஓம்.”

“ரெண்டு, டின்னர் செற் மூண்டு பெட்டி கிடக்கு. ஒண்டு அக்கா குடிபூரலுக்குத் தந்தது. நீலப்பூப் போட்டது. எனக்கெண்டு தேடி எடுத்துத் தந்தவ. அதைத் தொடக் கூடாது. மற்ற ரெண்டிலை ஒண்டை வையுங்கோ. பெட்டி எல்லாம் ஒரே மாதிரி. கீழை எழுதியிருக்கு, திருப்பிப் பாத்து எடுங்கோ.”

“ஓம்” என்றேன் இரண்டாம் தரமும். எனக்கு அந்தச் சொல் மிக இலகுவாக வரும்.

முதல் கட்டளையைப் பற்றி நான் கொஞ்சம் சிந்தித்தேன். உரித்தால் பசை பிடிக்கும், பசை துடைக்க எண்ணெய் வேண்டும். ஐம்பது அறுபது சாமான். தட்டைத் திருப்பி அடியைப் பார்த்து வாங்குகிற மனிதர் உலகத்தில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

இரண்டாவதைப் பற்றியும் சிந்தித்தேன். அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் சின்ன மாட்டுக்கன்று அளவு பாரம். என் முதுகு ஏற்கெனவே மருத்துவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் முதுகு. ஏன் திருப்ப வேண்டும்? மூளையைப் பாவித்தேன். மூன்றில் ஒன்று மற்றைய இரண்டுக்கும் பின்னால், சுவரோடு, விரலால் கோலம் போடலாம் போலத் தூசியோடு கிடந்தது. யாரும் விரும்பாத பரிசுதானே இப்படிக் கிடக்கும், ஆகவே இது அக்காவினுடையதாக இருக்க முடியாது என்று முடிவெடுத்து அதையே தூக்கினேன். அக்காவுக்குக் கோபம் வந்த வருடத்தில் மனைவி தன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பின்னுக்குத் தள்ளிவைத்த பெட்டியும் அப்படித்தான் தூசி பிடிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

காலை ஏழு மணிக்கு எல்லாம் தயார். தெருமுனை மின்கம்பத்தில் அம்புக்குறி போட்ட மட்டை. வீதிக்குக் கிட்ட, வேகமாகப் போகும் காரும் நிற்கும்படி பெரிய சாமான்கள்: ஓடும் மெசின், புத்தக அலுமாரி, குழந்தைக் கட்டில். ஓடும் மெசினில் நாங்கள் யாரும் ஓடியதில்லை, உடுப்புக் காயப்போட்டோம். மின்சாமான்களைப் போட்டுக் காட்டக் கராஜிலிருந்து நீளவயர். உடைந்தவை, கால் இல்லாதவை ‘இலவசம்’ என்று எழுதிய பெட்டியில். ஆட்கள் முதலில் அந்தப் பெட்டிக்கு வருவார்கள், பிறகு வெட்கத்தில் ஏதாவது வாங்குவார்கள். இது என் கண்டுபிடிப்பு.

ஏழரைக்கு ஒரு சின்னக் காரில் இளம் சோடி ஒன்று வந்தது. டோர்செட் பார்க்கில் உயரக் கட்டிடம் ஒன்றில் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள், கலியாணம் முடித்து இரண்டு மாதம். பெண் பிள்ளை வாய் ஓயாமல் கதைத்தாள். பெடியன் விலைத்துண்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

“அங்கிள், இந்த டின்னர் செற் நியூவா?”

“பிள்ளை, பெட்டியே திறக்கேல்லை. என்ரை மனுசியைப் போலத்தான், வெளியிலை தூசி, உள்ளுக்குத் தங்கம்.”

இந்தப் பகிடியை மனைவி கேட்கவில்லை என்பது அன்று எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம். பதினைந்து டொலருக்கு விற்று, நானே காரில் ஏற்றிவிட்டேன். புத்தக அலுமாரியும் வேண்டுமாம். நண்பனின் வான் வண்டியோடு பன்னிரண்டு மணிக்கு வந்து எடுப்பார்களாம். போன் நம்பர் எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். வியாபாரம் இவ்வளவு இலகுவா என்று எனக்கு ஒரு மிதப்பு.

மிதப்பு முக்கால் மணி நேரம் இருந்தது. எட்டேகாலுக்கு மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள். சனிக்கிழமைகளில் அக்காவின் போன் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டு கனகாலம்.

“இஞ்சேருங்கோ, அக்கா வாறாவாம்! யாட் சேல் எண்டு சொன்னன், ‘எனக்குச் சொல்லாமல் யாட் சேலோ’ எண்டு ஏசிப்போட்டுப் பதினொரு மணிக்கு வாறன் எண்டவ. எங்கடை வீட்டை, ஆறு வருசத்துக்குப் பிறகு! மத்தியானம் சாப்பாடு குடுக்கப் போறன். கீழை போய் நீலப்பூச் செற்றை எடுத்துக்கொண்டு வாங்கோ. அதிலைதான் போடப் போறன்.”

நான் கீழே போனேன். இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்றைத் திருப்பினேன்: ‘மிசிசாகா மாமா’. மற்றதைத் திருப்பினேன்: ‘கோயில் அன்ரி’. பிளாஸ்ரர் தவறாக ஒட்டுப்பட்டிருக்கும் என்று பெட்டிகளைக் கிழித்துத் திறந்தும் பார்த்தேன். ஒன்றில் பச்சை இலை. மற்றதில் பொன் கரை மட்டும். நீலம் எங்கேயும் இல்லை. என் முதுகு இரண்டு பெட்டியைத் திருப்பியும் நோகவில்லை. பயம் முதுகுக்கு நல்ல மருந்து.

மேலே வராமல் கராஜ் வழியாக வெளியே போய்ப் போன் எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் தரம் செய்தி வைத்தேன்: “பிள்ளை, யாட் சேல் அங்கிள். அந்தத் தட்டிலை ஒண்டும் சாப்பிட்டுப் போடாதேங்கோ.” சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று யோசித்தேன்.

புல்லுக்குத் திரும்பினால் மூன்றாம் வீட்டு அண்ணை நிற்கிறார். கையில் ஒரு வெள்ளித் தட்டம். அதைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடியை வாசிக்கிறார். உலகத்தில் தட்டைத் திருப்பிப் பார்க்கிற மனிதர் எத்தனை பேர் என்று கேட்டேன் அல்லவா? முதல் ஆள்.

“தம்பி, இதிலை என்னைப் பற்றி எழுதிக் கிடக்கு.”

“அண்ணை, அது வந்து...”

“நான் தந்ததெல்லோ? நல்ல சாமான் தம்பி, விலை குடுத்து வாங்கினது. எவ்வளவு எண்டு போட்டிருக்கிறீர்? ஆறு டொலரோ? தாரும். அடுத்த மாதம் ஒரு கலியாணம் இருக்கு.”

வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோபமா, லாபமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு முழு விபரீதமும் உறைத்தது. நீலப்பூத் தட்டு போனது ஒரு பக்கம். இங்கே புல்லில், திறந்த வெளியில், அறுபது சாமான்கள் அடியில் பெயர் தாங்கிக்கொண்டு கிடக்கின்றன. யாட் சேல் என்றால் உயிரை விடுகிற அக்கா அவை ஒவ்வொன்றையும் திருப்புவார். தான் தந்த பூச்சாடியும் அதற்குள் கிடக்கும். தான் தந்த மெழுகுதிரித் தண்டும் கிடக்கும்.

ஒரு கையால் போன், ஒரு கையால் பிளாஸ்ரர் உரிப்பு. மனைவி மறுபடி வாசலுக்கு வந்தாள்.

“செற் எங்கையப்பா?”

அந்த நேரம் பார்த்துப் போனில் பெண் பிள்ளை பேசினாள். “அங்கிள்? சொறி, பாத் எடுத்துக்கொண்டு நிண்டனான். என்ன பிராப்ளம்? இப்ப தட்டு எல்லாத்தையும் கழுவிக்கொண்டு இருக்கிறம்.”

“கழுவிக்கொண்டிருக்கினம்” என்றேன் மனைவியிடம்.

“ஆர் கழுவீனம்?”

நான் இருபது வருடமாக எல்லாவற்றுக்கும் பகிடி வைத்திருப்பவன். அந்தக் கேள்விக்கு மட்டும் உள்ளதையே சொன்னேன். திருப்பிப் பார்க்கவில்லை என்றும், தூசியைப் பார்த்து எடுத்தேன் என்றும், பதினைந்து டொலர் என்றும்.

அவள் கத்தவில்லை. வாசல் படியில் மெதுவாக உட்கார்ந்தாள். கையில் கறிக்கு வெட்டிய கத்தரிக்காயின் காம்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “மூண்டு மாசம்” என்றாள். பிறகு, “மூண்டு மாசந்தான்” என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். ஹெலிகொப்ரர் நாளில் நானூறு பேர் முன்னால் எனக்கு வராத பயம் அந்த இரண்டு சொல்லில் வந்தது. சப்பாத்துகளுக்கு நடுவில் நின்று கடவுளைக் கூப்பிட்டது அப்போதுதான்.

பிறகு போனில் காத்திருந்த பெண் பிள்ளையிடம் கெஞ்சினேன். பச்சை இலைச் செற் தருகிறேன், அலுமாரியைச் சும்மா தருகிறேன், கட்டிலும் வேண்டுமென்றால் எடு, இப்போதே அதைக் கொண்டுவா என்றேன்.

“கட்டில் வேண்டாம் அங்கிள், இட்ஸ் டூ சூன்” என்றாள். “வாறம். ஆனா எலிவேற்றர் ஒண்டுதான் வேலை செய்யுது, கொஞ்சம் சுணங்கும்.”

பத்தேமுக்காலுக்குள் வந்துவிட்டால் தப்பலாம் என்று கணக்குப் போட்டேன். நான் மறந்தது ஒன்று. எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு இரண்டு மணி நேரம் பிந்துவார்கள், கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் பிந்துவார்கள். நேரத்துக்கு முன்னால் போகிற ஒரே இடம் யாட் சேல். ஒன்பதே முக்காலுக்கு அக்காவின் வான் வந்து நின்றது. பின் இருக்கைகள் கழற்றப்பட்டிருந்தன. அக்கா ஓட்டச் சப்பாத்தும் வெயில் தொப்பியும் போட்டுக்கொண்டு, அளவெடுக்கும் நாடாவோடு இறங்கினார்.

“வாங்கோ அக்கா” என்றேன்.

அவர் புத்தக அலுமாரியிடம், “தங்கச்சி எங்கை?” என்று கேட்டார்.

அலுமாரிக்குப் பதிலாக நான், “குசினிக்குள்ளை” என்றேன். அவர் அலுமாரிக்குத் தலையாட்டினார். மனைவி வந்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் மனைவி சிரித்தாள், ஆனால் கண் என் பக்கம் வந்து போனது. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. திட்டுகிற பார்வையில்லை. ‘ஏதாவது செய்யுங்கோ’ என்கிற பார்வை.

அக்கா மேசைகளைப் பார்க்கத் தொடங்கினார். நான் ஒரு மேசை முன்னால் ஓடினேன். அவர் கிண்ணத்தில் நிற்கும்போது நான் பூச்சாடியை உரித்தேன். அவர் பூச்சாடிக்கு வரும்போது நான் மெழுகுதிரித் தண்டை உரித்தேன். உரித்த பிளாஸ்ரர்களை எறிய இடமில்லாமல் காற்சட்டையில் ஒட்டினேன்.

“தங்கச்சி,” என்றார் அக்கா, “உந்த மனுசன் ஏன் எனக்கு முன்னாலை பாய்ஞ்சு பாய்ஞ்சு ஓடித் திரியுது? வயிறு சரியில்லையோ?”

“அவருக்குக் கொஞ்சம் அந்தரம் அக்கா.”

“ஒரு இடத்திலை இருக்கச் சொல்லு. எனக்குத் தலை சுத்துது.” பிறகு பூச்சாடியை எடுத்துத் திருப்பினார். பிளாஸ்ரர் இல்லை, பசை இருந்தது. பெருவிரலால் ஒருமுறை தடவினார். இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்த நேரத்தில் சின்னக் கார் திரும்பி வந்தது.

நான் கையைக் காட்டினேன்: போ, போ, தெருவைச் சுற்றிவிட்டு வா என்று. பெண் பிள்ளை நான் வரவேற்கிறேன் என்று நினைத்து இரண்டு கையையும் ஆட்டினாள். இறங்கினாள். பெடியன் பின்கதவைத் திறந்து உடுப்புக் கூடை ஒன்றை எடுத்தான். கூடைக்குள் துவாயால் சுற்றி, கழுவிப் பளபளவென்று, நீலப்பூ.

“அங்கிள், யுவர் பிளேற்ஸ்!” என்றாள் தெருவுக்கே கேட்கும்படி. “ஒண்டும் உடையேல்லை. நீங்கள் அழுத மாதிரிக் கதைச்சதாலை பயந்துபோய் ஓடி வந்தம்.”

அக்கா கூடைக்குக் கிட்ட வந்தார். ஒரு தட்டை எடுத்தார். திருப்பக்கூட இல்லை. பூவைப் பார்த்தார், அவ்வளவுதான்.

என் நாக்கு நுனியில் ஒரு பகிடி வந்து நின்றது. எனக்குத் தெரியும், அது எப்போதும் வந்துவிடும். நான் அதை விழுங்கினேன். “அக்கா,” என்றேன், “அவளுக்குத் தெரியாது. தொடக் கூடாது எண்டுதான் சொன்னவள். இண்டைக்கு உங்களுக்கு உதிலைதான் சோறு போடுறதெண்டு இருந்தவள். நான்தான் பாக்காமல் வித்துப்போட்டன். முதல்தரமும் பிழை என்ரை வாய். இந்த முறையும் என்ரை பிழை. என்னோடை ஒருநாளும் கதைக்க வேண்டாம். அவளோடை கதையுங்கோ.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பெண் பிள்ளையிடம், “எவ்வளவு குடுத்தனி பிள்ளை?” என்றார்.

“பதினைஞ்சு, அன்ரி.”

“பதினைஞ்சு” என்றார் ஓடும் மெசினைப் பார்த்து. தட்டைக் கூடைக்குள் வைத்தார். வீட்டுக்குள் போனார். மனைவி அவருக்குப் பின்னால் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த அரை மணி நேரம் யாருக்கும் வரக் கூடாது. பெண் பிள்ளையிடம் பச்சை இலைச் செற்றைக் கொடுத்தேன். “அங்கிள், ஆர் யூ ஓகே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குப் பயந்து போய்விட்டாள். நான் குசினி யன்னலுக்கு நேரே, திரும்பிப் பார்க்காமல், காதை மட்டும் பின்னால் திருப்பி நின்றேன். தண்ணீர்க் குழாய் திறந்தது. நல்லது, கோபம் என்றால் தண்ணீர் குடிப்பார்கள். குழாய் நின்றது. சத்தம் இல்லை. ஏதோ ஒரு மூடி விழுந்தது, அல்லது எறியப்பட்டது. அக்காவின் குரல் உயர்ந்தது; சொல் விளங்கவில்லை. மனைவியின் குரல் அதைவிட உயர்ந்தது. என் மனைவி அக்காவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பிறகு யாரோ மூக்கைச் சீறினார்கள். யாருடைய மூக்கு என்று பிடிபடவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தியும் மூக்குச் சத்தம் தெரியாதவன் நான்.

இடையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் கூடைக்குள் கைவிட்டு, “உது எவ்வளவு?” என்று கேட்டார். நான் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டடி தள்ளிப் போனார். இன்னொருவர், கழுத்தில் துவாயோடு வந்த பெரிய மனிதர், ஓடும் மெசினில் ஏறி நின்று பார்த்தார். நீளவயரில் போட்டுக் காட்டினேன். நன்றாக ஓடியது. அதில் ஆள் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

“பத்து டொலர் தாறன்” என்றார்.

ஐம்பது என்று எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு அந்த நேரம் பத்தும் ஒன்றுதான், ஐம்பதும் ஒன்றுதான். கதவுக்குப் பின்னால் என் மனைவியின் ஆறரை மணிப் பேச்சுகள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. “சரி, எடுங்கோ” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

குசினி யன்னல் சரேலென்று திறந்தது.

“தம்பி! உதைப் பத்துக்குக் குடுத்தீரெண்டால் நான் இந்த வீட்டுப் படி இனி மிதிக்க மாட்டன்!”

அக்கா. யன்னலில் அவருடைய தலையும், தலைக்குப் பின்னால் என் மனைவியின் சிவந்த மூக்கும். யாரைத் தம்பி என்றார் என்று நான் சுற்றிப் பார்த்தேன். துவாய்க்காரர் அறுபது தாண்டியவர்.

“உம்மைத்தான்! வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். பெல்ற் புதுசு, மோட்டர் ஓடுது, பத்தாம்! விடும், நான் வாறன்.”

வந்தார். கையில் கறி மணம். துவாய்க்காரரிடம் மெசினின் வயது, எடை, குணம் எல்லாவற்றையும் நேரில் பார்த்து வளர்த்தவர் போலச் சொன்னார். நாற்பத்தைந்துக்குப் போனது. பிறகு என் கதிரையில் இருந்தார், எழும்பவில்லை. மேசைகள் போட்ட விதம் பிழை என்றார். தேத்தண்ணிக் கோப்பைகளைத் தனியாக விற்கக் கூடாது, ஆறாகக் கட்டு என்றார். கண்ணாடிச் சாமானை வெயில் படுகிற பக்கம் வை என்றார். “தூக்கும்.” “வையும்.” “உங்கை இல்லை, இஞ்சாலை.” நான் தூக்கினேன், வைத்தேன். என் முதுகைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. பிளாஸ்ரர் மிஞ்சிய சாமான் ஒன்றைக் கண்டால், வாசித்துவிட்டு உரித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குசினிக்குள் என்ன நடந்தது என்றும் நான் இதுவரை கேட்கவில்லை. மனைவியும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் தட்டினால் எது உடையும் என்று தெரியாத இடத்தில் கை வைக்கக் கூடாது என்பதை அன்று ஒருநாளில் படித்துக்கொண்டேன்.

சாமான் முடிந்துகொண்டு வர, மூன்று மணிபோல், மனைவி சோற்றுப் பானையை வெளியே கொண்டுவந்தாள். உள்ளே வந்து சாப்பிடச் சொன்னால் அக்கா வியாபாரத்தை விட்டு எழும்பமாட்டேன் என்றார். ஆகவே கடைசி மேசையைத் துடைத்து, கூடையிலிருந்து தட்டுகளை எடுத்து, புல்லிலேயே சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மீன். நீலப்பூ சோற்றுக்குள் மறைந்து, சாப்பிடச் சாப்பிட வெளியே வந்தது. அக்கா சாப்பிட்டார். மனைவி பரிமாறினாள். நான் மீன் முள் தொண்டையில் சிக்கினாலும் செருமுவதில்லை என்ற தீர்மானத்தோடு இருந்தேன்.

அப்போது ஒரு கார் வேகம் குறைத்து நின்றது. கண்ணாடி இறங்கியது. ஒரு பெண் தலையை நீட்டினாள்.

“அன்ரி, முடிஞ்சுதா? அந்தப் பிளேற்ஸ் நல்ல வடிவா இருக்கு. அது சேலுக்கா?”

என் கை சோற்றோடு நடுவழியில் நின்றது. மனைவியின் கரண்டியும் நின்றது.

அக்கா தட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், மிக நிதானமாக.

“கொஞ்சம் பொறு பிள்ளை,” என்றார், “சாப்பிட்டு முடியட்டும்.”

அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. ஆறு வருடமாக நான் கிட்ட நின்று பார்க்காத முகம். அது பகிடி விடும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சிரித்தால் பிழையாகலாம். சிரிக்காவிட்டாலும் பிழையாகலாம். பயத்தில் நான் மனைவியைப் பார்த்தேன். அவள் குனிந்து அக்காவின் தட்டில் குழம்பு விட்டுக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கியதில் பாதிக் குழம்பு மேசையில் போனது.